வலது பக்க ஸ்பீக்கர்

என் நாத்தனார் ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கினாள். அதனால் நான் பாசிவ் ஸ்பீக்கர் வாங்கினேன். கேட்டவர்களிடமெல்லாம் வேறு வேறு காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையான காரணம் இதுதான்.

பெங்களூரில் பிரேசர் டவுன் பக்கத்துத் தமிழ் சர்ச் ஒன்றில் நாங்கள் இருவரும் கொயரில் பாடுகிறோம். அவள் சொப்ரானோ, நான் ஆல்டோ. மெட்டு முழுக்க சொப்ரானோவுக்குப் போய்விடும். அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டு போவது ஆல்டோவின் வேலை. அந்த வருத்தம் தனி. பெருந்தொற்றின்போது சர்ச் மூடிக் கிடந்தது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் போனில் பாடி அனுப்ப, அதையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒரு பாட்டாக்கியது நான்தான். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுப்பவள், யாரும் சொல்லித் தராமல் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். எங்கள் கொயரை நடத்துபவர் ஓய்வுபெற்ற மியூசிக் டீச்சர். சர்ச்சில் எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. “நீ இல்லன்னா கொயரே இல்லம்மா” என்று அவர் என்னிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று வருடம் நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு நாத்தனாரும் அதே வேலையைக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் உத்தியோகம்; எதைத் தொட்டாலும் ஒரு மாதத்தில் பிடித்துவிடுவாள். அவள் சேர்த்த முதல் பாட்டைக் கேட்டுவிட்டு என் கணவர் ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை.

“பாப்பா பண்ணினதக் கேட்டியா? சினிமா பாட்டு மாதிரி இருக்கு!”

நாற்பது வயதுத் தங்கை இன்னும் அவருக்குப் பாப்பாதான். வீட்டில் எல்லோருக்கும், எனக்கும்கூட. போகட்டும். நான் சேர்த்த பாட்டுகளைக் கேட்டு அவர் அதுவரை சொன்ன பெரிய பாராட்டு, “முடிஞ்சிடுச்சா?”

அவள் வீட்டுக்குப் போய் அந்த ஸ்பீக்கர்களைப் பார்த்தேன். பாட்டு சேர்ப்பவர்கள் வைத்துக் கேட்கும் ஸ்டூடியோ மானிட்டர்கள், கறுப்பாக இரண்டு பெட்டி. ஆக்டிவ் என்றால் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கரண்டுக்கு ஒரு பிளக், கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயர், அவ்வளவுதான். அவள் ஒரு பாட்டைப் போட்டாள். என் குரல் எங்கே சற்று இறங்கிப்போகிறது என்பது எனக்கே அப்போதுதான் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆஸ்டின் டவுனுக்கு ஆட்டோவில் திரும்பும்போது வயிறு எரிந்தது எரிந்ததுதான். முறுக்கின் மேல் பழி போட வழியில்லை.

அடுத்த வாரமே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், கன்னடம் கலந்து தமிழ் பேசுபவர். “மேடம், வீட்ல ரெகார்டிங்னா ஆக்டிவ்வே தகொள்ளி, எடுத்துக்குங்க. செருகினா முடிஞ்சுது. பாசிவ் எடுத்தா ஆம்ப் தனி, ஒயர் தனி. சும்னே தலைவலி எதுக்கு?” என்றார்.

ஆக்டிவ் வாங்கினால் அவளைப் பார்த்து வாங்கியதாகிவிடும். “இல்லீங்க, ஆம்ப் தனியா இருந்தா நாளைக்கு அத மட்டும் மாத்திக்கலாம். ரிப்பேரும் சுலபம்” என்று இன்டர்நெட்டில் படித்ததை ஒப்பித்தேன். படித்தது பொய்யில்லை. ஆனால் நான் வாழ்க்கையில் எந்தப் பொருளையும் பாதி மட்டும் மாற்றி வைத்துக்கொண்டவள் இல்லை. பாசிவ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

இஸ்திரித் துணி குவிந்திருக்கும் சின்ன அறையில், பீரோவுக்கு இரண்டு பக்கமும் பெட்டிகளை வைத்தேன். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஒவ்வொரு பெட்டிக்கும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று எனத் திருகுகள். பெட்டிகளின் பின்னாலும் அப்படியே. இரட்டை ஒயரில் ஓர் இழையின் மேல் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு ஓடும். அந்த இழை இரண்டு முனையிலும் சிவப்புத் திருகுக்குப் போக வேண்டும். காய் நறுக்கும் கத்தியால் ஒயரைச் சீவி, எல்லாவற்றையும் நானே முடுக்கினேன். கணவர் உதவிக்கு வந்தபோது விரட்டிவிட்டேன். பெட்டிகளின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் போட்டேன்: ‘யார் உதவியும் இல்லாமல்!’ முதலில் வந்த பதில் நாத்தனாருடையது. ‘சூப்பர் அண்ணி.’

பாட்டைப் போட்டேன். அடடா! குரல் ஓரிடத்தில் நிற்கவே இல்லை; அறை முழுக்கப் பரவி, பீரோவுக்குப் பின்னாலிருந்தெல்லாம் வந்தது. “இந்த விசாலம் ஆக்டிவ்ல வருமா?” என்று கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பாடுறவங்க எங்க நிக்கறாங்கன்னே தெரியலையே” என்றார். அதுதான் சிறப்பு என்று விளக்கினேன். ஒரே குறை, பேஸ் பாடும் ஆண்களின் கனத்த குரல் மெலிந்து கேட்டது. சாப்பிடாமல் பாடியிருப்பார்கள் என்று நினைத்து, கம்ப்யூட்டரில் அதன் சத்தத்தைத் தாராளமாகக் கூட்டிவிட்டேன்.

அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு, ஊர் விட்டுப் போய்விட்ட பழைய கொயர்காரர்களுக்கு அனுப்ப எங்கள் பாட்டுகளை ஒரு தொகுப்பாக்க முடிவாயிற்று. எல்லாப் பாட்டும் ஒரே கையால் சேர்க்கப்பட வேண்டும் என்றார் மிஸ். என் கையா, நாத்தனார் கையா? இருவரும் ஒரே பாட்டைச் சேர்த்துக் கொண்டுவர வேண்டும், யாருடையது என்று தெரியாமல் அவர் சர்ச் ஹாலில் கேட்பார் என்று ஏற்பாடு. மற்றவர்களுக்கு அது விளையாட்டு மாதிரி. எனக்கு அப்படி இல்லை. ‘நீ இல்லன்னா கொயரே இல்ல’ என்ற வாக்கியம் என்னிடம் இருக்குமா, அவளிடம் போய்விடுமா என்பதுதான் கேள்வி.

முதல் சுற்றில் என்னுடையதைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மிஸ் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “பேஸ் பாடுறவங்க எல்லாம் மைக்க முழுங்கிட்டாங்களா? மத்தவங்க எங்கம்மா?” ஹாலே சிரித்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நல்ல வேளையாக மிஸ், நாத்தனாருடையதையும் கேட்டுவிட்டு, “அடுத்ததுலயும் பொண்ணுங்க சத்தம் கூச்சலா இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டு பேரும் சரி பண்ணி எடுத்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். ஹாலின் ஸ்பீக்கர் சரியில்லை என்று வீடு வரைக்கும் கணவரிடம் புலம்பினேன். “அதே ஸ்பீக்கர்லதானே பாப்பாவோடதும் போட்டாங்க?” என்றார் அவர். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நாத்தனார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். சாப்பாடு ஆனதும், “உங்க ஸ்பீக்கர்ல ஒரு தடவ கேக்கட்டுமா அண்ணி?” என்றாள். மாட்டேன் என்று சொன்னால் பயந்த மாதிரி ஆகும். பாட்டைப் போட்டு உட்கார வைத்தேன். தலையை இடமும் வலமும் கொஞ்சம் ஆட்டிக் கேட்டாள்.

“எப்படி? விசாலமா இருக்கில்ல?”

“ம்ம். அண்ணி, ஒரு காபி கிடைக்குமா?”

பாலை அடுப்பில் வைத்தேன். உள்ளே பாட்டு நின்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. என் மிக்ஸை நோண்டி நான் என்ன செய்திருக்கிறேன் என்று பார்க்கிறாள், பார்த்துக் காப்பியடிக்கப் போகிறாள் என்று எனக்குப் படபடப்பு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொண்டிருந்தபோது பாட்டு மறுபடி ஆரம்பித்தது. காபியைக் கொண்டுபோனபோது அவள் அதே நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

“நல்ல ஸ்பீக்கர் அண்ணி. நாளைக்கு ஃப்ரெஷ்ஷா ஒரு தடவ கேட்டு மிக்ஸ் பண்ணிப் பாருங்க” என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து போட்டால், என் விசாலத்தைக் காணோம். குரல்கள் எல்லாம் வந்து நடுவில், பீரோ கதவின் மேல், ஒட்டிக்கொண்டு நின்றன. பேஸ்காரர்கள் இடியாக இடித்தார்கள். கண் போட்டுவிட்டாள் என்று தோன்றியது. நாங்கள் அதெல்லாம் நம்பக் கூடாதவர்கள். ஆனாலும் நம்பினேன். அவள் வந்துபோன மறுநாளே இப்படி ஆனால் வேறு என்ன நினைப்பது? அவளைத் திட்டிக்கொண்டே, கேட்கச் சகிக்காததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். பேஸை இறக்கினேன். ஆல்டோவைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்தேன். அதில் மட்டும் சுயநலம் உண்டு.

இரண்டாம் சுற்றில் மிஸ் இரண்டையும் கண்ணை மூடிக் கேட்டார். என்னுடையதைத் தேர்ந்தெடுத்தார். “நம்ம ஹாலுக்குள்ளயே நின்னு பாடுற மாதிரி இருக்கு. யாரும்மா இது?” என்றார். நான் எழுந்து நின்றேன். எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியது நாத்தனார். என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்தேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. கணவரிடம், “ஆக்டிவ், பாசிவ்னு சும்மா சொல்றாங்க. எல்லாம் காதுலதான் இருக்கு” என்று வேறு சொன்னேன்.

கிறிஸ்மஸுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதுதான் வலது பக்கப் பெட்டியைத் திருப்பினேன். ஒயர் முனை நறுக்கென்று முறுக்கப்பட்டு, ஒரு பிசிறு இல்லாமல் திருகுக்குள் போயிருந்தது. நான் முறுக்கினால் துடைப்பம் மாதிரி இருக்கும். போனில் குடும்பக் குழுவைத் திறந்து, பெருமையாக நான் போட்ட போட்டோவைத் தேடிப் பெரிதாக்கினேன். இடது பெட்டியில் கோடு போட்ட இழை சிவப்பில். வலது பெட்டியில் அதே இழை கறுப்பில். இப்போது பெட்டியில் அது சிவப்பில் இருந்தது.

அப்படி மாற்றி மாட்டினால் ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும். கனத்த சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் நிற்க இடமில்லாமல் அலையும். என் விசாலம் அதுதான். கெமிஸ்ட்ரி டீச்சர், பிளஸும் மைனஸும் தெரியாமல் மாட்டியிருக்கிறேன். அவளுடைய ஆக்டிவ் பெட்டியில் இந்தத் தப்பைச் செய்ய அப்படி ஒரு திருகே கிடையாது. ஊருக்கெல்லாம் நான் காட்டிய போட்டோவில் இந்தத் தப்பு இருந்தது. அவள் ஆம்பை அணைத்து, ஒயரைச் சரியாக மாட்டி, மறுபடி பாட்டைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் தோற்கும்படி விட்டிருக்கலாம். என்னிடம் சொல்லியிருந்தால்கூட அதை வைத்து நான் அவளோடு சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் இடம் வைக்கவில்லை.

பெட்டியை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. ஸ்பீக்கர் மேல் வந்த பொறாமையாவது எஸ்.பி. ரோட்டுக்குப் போனதும் அடங்கியது. இதற்கு எந்தக் கடைக்குப் போவது?

சாயங்காலம் அவளுக்கு போன் செய்தேன். “சொல்லுங்க அண்ணி” என்றாள். தொண்டை வரைக்கும் வந்தது. “கேக் போட்டாச்சா பாப்பா?” என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அவள் வீட்டில் ஓர் ஒயர் மாறியிருந்து, அதை நான் கண்டுபிடித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காபியைக் குடித்து முடித்து, “ரொம்ப நல்லா இருக்கு பாப்பா, எதையும் மாத்தாத” என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறியிருப்பேன். ஆஸ்டின் டவுன் வரைக்கும் சந்தோஷமாக வந்திருப்பேன்.