அப்பாவின் பின்பலகை

பாட்டுக் கேட்கிற புது அம்பிளிபயரை வைக்க நானே பலகையில் ஒரு றாக்கை செய்துகொண்டிருந்தேன். பலகையை அரிந்தபோது எழுந்த தூள் வாசனை என்னைச் சின்ன வயதில் இருந்த துறைமுகத்தடி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே அப்பா கப்பலில் சரக்கு வந்த பெட்டிகளின் பலகைகளை வாங்கிவந்து அம்பிளிபயருக்கு ஒரு றாக்கை அடித்தார். கடலின் உப்புக்காற்று சாமானைத் தின்றுவிடும் என்று முன்னுக்குக் கண்ணாடிக் கதவு போட்டார். பின்பக்கத்தை ஓர் ஓட்டைகூட இல்லாமல் பலகையால் அடைத்தார். அம்மா ஆசையாகப் பின்னிய விரிப்பொன்றை றாக்கையின் மேல்தட்டில் விரித்தார்.

மூன்றாம் மாதம் அம்பிளிபயர் புகைந்து செத்தது.

"உன்ர விரிப்புச் சீலைதான் சூட்டை வெளியால போக விடேல்லை," என்றார் அப்பா அம்மாவிடம்.

அம்மா விரிப்பை மடித்து அலுமாரியில் வைத்தார். அதன்பிறகு பின்னல் ஊசியைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். அம்மா நாலு வருடத்துக்கு முன் செத்துப்போகும்வரை அந்தப் பழி அவர் மேல்தான் இருந்தது.

நான் அரிவதைக் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "பின்பலகையில ஓட்டை போடு பிள்ளை. அடைச்சால் சூடேறி எரிஞ்சுபோகும்."

பலகை அரியும் வாளைக் கீழே வைத்தேன். "எப்ப தொட்டு உங்களுக்கு இது தெரியும்?"

"அது எரிஞ்ச அண்டைக்கே தெரியும்."

"அம்மாட்ட ஏன் சொல்லேல்லை?"

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "ஒரு தேத்தண்ணி ஊத்தித் தா பிள்ளை."

"குசினி அங்கதான் இருக்கு," என்றேன். "நீங்களே போய் ஊத்திக் குடியுங்கோ."