மதிலில் காய்ந்த முக்கோணிகள்

கடந்த வாரம் பத்திரிகையில் என் பத்தி வரும் இந்த இடம் வெறுமையாக இருந்தது. சிலர் போன் எடுத்துக் கேட்டீர்கள். என்ன சொல்ல... என் அத்தான், அக்காவின் கணவர், போய்விட்டார்.

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா காலையும் மாலையும் அங்கேதான். அவர்களின் மகள் தரணியை கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டில் வைத்திருந்தேன்; அக்காவும் இரவு படுக்க அங்கேதான் வருவாள். எட்டாம் வகுப்பு. அதிகம் பேசாத பிள்ளை.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு புரொஜெக்ட். முக்கோணிகளை வகைப்படுத்தி, அவற்றைக் கொண்டே ஓர் அலங்காரம் செய்ய வேண்டும். சமபக்கம், இருசமபக்கம், சமனில் பக்கம் — அதிலும் கூர்ங்கோணம் எது, செங்கோணம் எது, விரிகோணம் எது என்று ஒவ்வொன்றின் மூலையிலும் எழுத வேண்டும். இதையெல்லாம் நானும் படித்துத்தான் பாஸ் பண்ணினேன் என்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

தரணி கொடித் தோரணம் செய்வதென்று முடிவெடுத்தாள். அப்பா வீட்டுக்கு வரும்போது வாசலில் கட்டலாம், பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. பிரிஸ்டல் போர்ட் அட்டையில் வெட்டி, நூலில் ஒட்டி, பசை காயட்டும் என்று ஆட்கள் போய்வரும் ஒழுங்கைப் பக்க மதிலில் நீளமாகக் கட்டிவிட்டாள். நிறம் நாளைக்குத்தான் தீட்டுவதாம். நான் உள்ளே சமையலில் நின்றேன்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். நிறம் தீட்டாத பிரிஸ்டல் போர்ட் என்ன நிறம்?

கொழும்பில் ஓர் ஒழுங்கையில் வரிசையாக வெள்ளைக் கொடி தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிங்களவர், தமிழர் என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது.

மாலையில் பார்வை நேரம் முடிந்து அக்கா ஓட்டோவில் வந்திருக்கிறாள். ஒழுங்கைக்குள் திரும்பியதும் சிங்கள டிரைவர் வேகத்தைக் குறைத்து, ரேடியோவையும் நிறுத்திவிட்டு, "மள கெதரக்த, மிஸ்?" என்றாராம். செத்தவீடா என்று. அக்கா எட்டிப் பார்த்தாள். எங்கள் மதில்.

தான் வந்துகொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார், வீட்டுக்குச் செய்தி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். பாவம், வேறென்ன நினைப்பாள்? இறங்கவே இல்லை. அதே ஓட்டோவை ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னாள்.

அங்கே காவலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டாராம். போனால்... அத்தான் கட்டிலில் சாய்ந்திருக்கிறார்.

"என்னப்பா, குடையை விட்டிட்டுப் போனீரோ?"

"ஓம்" என்றாளாம் அக்கா. வேறு எதைச் சொல்வது? கட்டிலோரம் உட்கார்ந்தாள். தாதி வந்து அக்காவை எழுந்து போகச் சொல்லும் வரை இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அடுத்தநாள் காலை அவர் இல்லை.

கொடிக் கதை அதற்குள் சொந்தக்காரர் எல்லோருக்கும் போய்விட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு மாமி, தரணி பக்கத்தில் இருக்கும்போதே, "உயிரோட இருக்கிற மனுசனுக்கு வெள்ளைக்கொடி கட்டினா வேற என்ன நடக்கும்?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு... செத்தவீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தரணி எழுந்து அறைக்குள் போனாள். அழவில்லை. அதன் பிறகு ஒழுங்கான சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல்நாள், மாமி சொன்னதை அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு அதுவரை தெரியாது. உடனே போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நான்தானே அம்மா கட்டினனான்..." என்றாள் தரணி.

"ஓம், நீதான் கட்டினனீ. அதைப் பாத்துத்தான் நான் திரும்பிப் போனனான். இல்லாட்டி வீட்டை வந்து குளிச்சுப்போட்டுப் படுத்திருப்பன். அப்பாவோட அவ்வளவு நேரம் கதைக்கக் கிடைச்சிருக்காது, பிள்ளை."

தரணி மெல்ல, "அப்பா என்னைப் பற்றிக் கேட்டவரோ?" என்றாள்.

"கேட்டவர். முக்கோணி வேலை முடிஞ்சுதோ எண்டு கேட்டவர். இன்னும் இல்லை எண்டன். அவசரப்படுத்தாதையும், அவள் வடிவாச் செய்வாள் எண்டவர்."

அப்போதுதான் பிள்ளை வாய்விட்டு அழுதாள். அக்காவும் அழுதாள். கதவடியில் நின்ற நானும்தான்.

செத்தவீட்டு வாசலில் செருப்போடு வாயையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் என்ன?