மான்கொம்பில் ஒரு மயில்

ஒஸ்லோவில் ஒரு குளிர்காலச் சந்தை. வடக்கே துருவமான் மேய்க்கும் பழங்குடியைச் சேர்ந்த பெண் ஒருத்தர், தானாக உதிர்ந்த மான்கொம்புகளில் நரி, ஆந்தை, மீன் என்று கத்தியால் கீறி விற்றுக்கொண்டிருக்கிறார். என்னைக் கூட்டிவந்த தவம் அண்ணன் திருகோணமலைக்காரர். இங்கே பஸ் ஓட்டுகிறார். லோறென்ஸ்கூக்கில் வாங்கிய புது வீட்டின் சாமியறைக்கு அவருக்கு ஒரு மயில் வேண்டுமாம்.

கைபேசியில் மயில் படத்தைக் காட்டி நோர்வேஜிய மொழியில் கேட்கிறார். அந்தப் பெண் முடியாது என்று தலையசைக்கிறார்.

"என்னவாம்ண்ணே?"

"தான் நேரில கண்டதை மட்டும்தான் கீறுவாவாம். படத்தைப் பார்த்துக் கீறினா அதில உசிர் இராதாம்."

"அப்ப நரியை வாங்கிட்டுக் கிளம்புவோம்."

"முருகனுக்கு முன்னால நரியை வைக்கச் சொல்லுறீரோ? கொஞ்சம் பொறும்."

மறுகணம் அண்ணன் கழுத்தை நீட்டி அகவுகிறார். குளிர்ச்சட்டையின் இரண்டு பக்கங்களையும் தோகையாக விரித்து, வழுக்கும் பனியில் சுற்றிச் சுற்றி ஆடுகிறார். பக்கத்துக் கடையில் சூப் குடித்தவர்கள் கோப்பையும் கையுமாக ஓடி வருகிறார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டுக் கத்தியை எடுக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் கொம்பு கைக்கு வருகிறது. தோகை அச்சு அசல் மயில்தான். அதற்கு முன்னால் தொப்பை, தலையில் கம்பளித் தொப்பி, மூக்கில் கண்ணாடி.

"இதை எப்படிண்ணே சாமியறையில வைப்பீங்க?"

அண்ணன் கொம்பைச் சால்வையில் பக்குவமாகச் சுற்றுகிறார்.

"வைக்காம? முருகன் இனி என்ர முதுகிலதான் ஏறிவர வேணும்."