செம்பாக்கத்தில் கட்டிய கப்பல்

"உன் பொண்ணு உள்ள கீது" என்று பாலர் வகுப்பு ஆயா சொன்னபோது, "இல்லைங்க, அவ பேரு சுந்தரி" என்றேன். ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'கீது' என்றால் 'இருக்கிறது' என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்களே, இதைப் படித்தால் சிரிப்பீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. சொந்த நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்றார்கள். சொந்த மொழியிலேயே நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

அறுபதுகளின் நடுவில் அது. தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். ரோஸ்லின் டீச்சர் நடத்திய பாலர் வகுப்பில் உதவிக்குச் சேர்ந்திருந்தேன். பயணக் காகிதங்கள் கிடைக்காமல் என் கணவர் ரங்கூனிலேயே நின்றுவிட்டார். அவர் வந்து சேர மேலும் ஒரு வருஷம் பிடித்தது. அதுவரை, "அப்பா அடுத்த கப்பல்ல வருவார்" என்பதே ஐந்து வயது சுந்தரிக்கு நான் சொல்லிவந்த பதில். அவளோ கேள்வியே கேட்பதில்லை. அங்கே, தூண்கள்மேல் நின்ற எங்கள் மரவீட்டுக்கு அடியில், பர்மியப் பிள்ளைகளோடு நாளெல்லாம் வாயாடியவள், இங்கே ஒருவரோடும் பேசவில்லை. தச்சுப் பட்டறையிலிருந்து டீச்சர் வாங்கிவந்து தேய்த்து வழவழப்பாக்கிய மரக்கட்டைகளில் நாலைந்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவாள்.

ஒரு மழைநாளில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து தரையில் வீடு கட்டினார்கள். சுந்தரி எழுந்து வந்தாள். சுவரைப் பிரித்து, அடியில் நான்கு கட்டைகளை நிறுத்தினாள். சண்டை வரப்போகிறதென்று பதறினேன்.

ஆயாவின் மகள் கன்னியம்மா கேட்டாள்: "வூட்டுக்கு இன்னாத்துக்குடி காலு?"

"தண்ணி வரும்."

கன்னியம்மா வாசலைப் பார்த்தாள். முற்றம் முழுக்க ஏரித் தண்ணீர். "ஆமாண்டி, வந்துகினு கீது!" என்றாள். அவ்வளவுதான், எல்லோரும் கால் வைக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் ஏற ஏற வீடு நீண்டது, முன்பக்கம் கூர்மையானது.

"திம்போ" என்றாள் சுந்தரி. கப்பலுக்குப் பர்மியச் சொல். யாரும் பொருள் கேட்கவில்லை. "திம்போ, திம்போ" என்று கத்திக்கொண்டே சின்னக் கட்டைகளை ஆட்களாக ஏற்றினார்கள். ஒன்றை மட்டும் சுந்தரி எட்டத்தில் நிறுத்தினாள்.

"அவரு ஏன் அங்கியே நிக்கிறாரு?" என்றாள் கன்னியம்மா.

"எங்க அப்பா. காயிதம் கிடைக்கல."

இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. விளையாட்டை நிறுத்துவதா, விடுவதா? டீச்சரைப் பார்த்தேன். அவர் "சும்மா இருங்க" என்பதுபோல் தலையசைத்தார்.

கன்னியம்மா சுண்ணக்கட்டியால் அந்தக் கட்டைமேல் ஒரு வட்டம் போட்டாள். "முத்திரை குத்தியாச்சு. ஏறச் சொல்லு."

சுந்தரி அப்பாவை ஏற்றினாள். எல்லோரும் சேர்ந்து கப்பலை மெல்லத் தள்ளி என் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"எறங்குங்க, தாம்பரம் வந்துட்ச்சி!" என்று கத்தினாள் கன்னியம்மா.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். அப்பாவும் இறங்கினார். ஒரு கட்டை மட்டும் கப்பலிலேயே இருந்தது. எடுக்கக் குனிந்தேன், சுந்தரி என் கையைத் தடுத்தாள்.

"இது நீ, அம்மா. நீ இன்னும் இறங்கல."