பாண்டித்துரையின் நானூறு ரியால்

பாண்டித்துரைக்கு நான் நானூறு ரியால் கடன்பட்டிருந்தேன். ஓமன் ரியால். வாங்கிய காலத்தில் ஊர்க் காசுக்கு அது நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் வரும். இன்றைக்கு அதைப் போல இரண்டு பங்கு.

மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. மஸ்கட்டில் ரூவிப் பக்கம் இறங்கி கௌஸ் முகம்மது கடை எது என்று கேட்டால் டாக்சிக்காரனே வாசலில் கொண்டுவந்து விடுவான். தொண்டியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்றைக்கு மளிகைக் கடை மூன்று, சரக்கு வைக்க குடோன் ஒன்று, ஓட இரண்டு வண்டி. எல்லாம் என் கையால் வந்தது. நம் ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டால் என்னை மேடையில் ஏற்றாமல் விடமாட்டார்கள். ஏறியதும் நான் சொல்வது ஒன்றுதான்: யார் தயவும் இல்லாமல் வந்தவன் நான். சொல்லி முடிப்பதற்குள் பாண்டித்துரையின் முகம் வந்து நிற்கும். ஒருத்தரைத் தவிர என்று சேர்த்துக்கொள்வேன். அந்த ஒருத்தர் யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போது நானே எழுதுகிறேன்.

நான் கூலிக்கு நின்ற கடையை முதலாளி விற்றுவிட்டு ஊரோடு போகத் தீர்மானித்த சமயம் அது. அதை நானே வாங்கிவிட, ஏழெட்டு வருடம் சாப்பிட்டும் சாப்பிடாமலும் சேர்த்ததை எல்லாம் எடுத்துவைத்தேன். நானூறு ரியால் குறைந்தது. மத்ராவில் என் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், வசதியானவர்கள். போய்க் கேட்டேன். டீ கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதமாட்டேன். இன்று அவர்கள் பிள்ளைகள் என் கடையில்தான் அரிசி வாங்குகிறார்கள்.

நான் கல்லாவில் நின்று யாரிடமோ போனில் புலம்பியதை, போன் கார்டு வாங்க வரிசையில் நின்ற பாண்டித்துரை கேட்டிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார்.

"இந்தாங்க பாய். நானூறு இருக்கு."

"என்னய்யா இது?"

"லீவுக்குப் போகச் சேத்து வச்சது. இந்த வருசம் லீவு மாஃபின்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். ரூம்ல வச்சா எவனாச்சும் கேப்பான். உங்ககிட்ட இருக்கட்டும்."

லீவு இல்லை என்று சொன்னது உண்மைதானா என்று நான் கேட்கவில்லை. நம் ஜில்லாக்காரர், முதுகுளத்தூர்ப் பக்கம் என்பதைத் தவிர அவரைப் பற்றி அன்று எனக்கு எதுவும் தெரியாது.

பாண்டித்துரைக்குக் கம்பி கட்டுகிற வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, சந்திக்கிற இடமெல்லாம் கட்டுக்கம்பியைச் சுற்றிக் குறடால் முறுக்கவேண்டும். நாள் முழுக்க அதே முறுக்கு. வெயில் காலத்தில் கம்பியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். விடியுமுன்னே கம்பெனி பஸ், மதியம் டிபன் கேரியரில் ஆறிப்போன சோறு, சாயங்காலம் கேம்ப், மேலும் கீழுமாக அடுக்கிய கட்டிலில் மேல்கட்டில். குறடு பிடித்தே அவருடைய வலது உள்ளங்கை மடங்கிப் போய்விட்டது. விரல்கள் முழுதாக விரியாது. டீ கிளாஸைக்கூட கொக்கியில் மாட்டுவதுபோல்தான் பிடிப்பார்.

என் கடை இரண்டாம் வருடமே தலைநிமிர்ந்துவிட்டது. நான் தொட்டது துலங்கும் என்பது ரூவிக்கே தெரியும். முதல் லாபத்தில் நானூறை எண்ணி உறையில் போட்டு, மேலே ஒரு கைக்கடிகாரமும் வாங்கி வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

"கலாஸ் பாண்டி, கடன் முடிஞ்சுது. உன் காசு."

"இருக்கட்டும் பாய்."

"ஏன்யா, என்னைக் கடைசிவரைக்கும் கடன்காரனாவே வச்சிருக்கலாம்னு பாக்குறியா?"

"ஆமா," என்று சிரித்தார். "ஊர்ல, ரூம்ல, எங்க பாத்தாலும் எங்கிட்டக் கேக்குறவகதான். எனக்குக் குடுக்கவேண்டியவரு நீங்க ஒருத்தருதான். அதையும் தீத்துட்டா நான் என்னன்னு உங்க கடைக்கு வர்றது?"

"டீ குடிக்க வா."

"டீ எங்கயும் கிடைக்கும். ஊரோட போற அன்னைக்கு வாங்கிக்கிறேன். பஸ்ஸ விட்டு இறங்குனதும் அத சீதாலட்சுமி கையில குடுத்து, இந்தா, இனிமே போகலன்னு சொல்லணும். அதுக்கு வச்சிருக்கேன்."

சீதாலட்சுமி அவர் மனைவி. கல்யாணமான வருடமே விட்டுவிட்டு வந்தவர். ஊரில் ஒரே மகள், பானுமதி.

கைக்கடிகாரத்தையும் வாங்கவில்லை. கொஞ்சம் கூடுதலாகப் போட்டுத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "வட்டி குடுத்தா உங்களுக்குப் பாவம், வாங்காட்டி எனக்கு நட்டம். ஒரு சமோசா சொல்லுங்க, சரியாப் போச்சு," என்றார். கம்பெனி அவரை சோஹார் துறைமுக வேலைக்கு மாற்றியபிறகும், சம்பளம் போட்ட அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுவார். கடைக்குள் நுழையும்போதே கேட்பார்: "என்ன பாய், என் காசு பத்திரமா?" சரக்கு வாங்க வந்து நிற்கிற பெரிய மனிதர்கள் முன்னால் கேட்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் மகன் அஸ்கர் அலிக்கு அதில் ஒரு சந்தோஷம். மஸ்கட்டிலேயே பிறந்து இங்கிலீஷில் வளர்ந்தவன். "வாப்பா, யுவர் பேங்க் மேனேஜர் ஈஸ் ஹியர்," என்று உள்ளே குரல் கொடுப்பான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு, இரண்டு மாதம். போய்வந்து கதை சொல்லுவார். ஊருக்குப் போனால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிடுவாராம். குளித்துவிட்டு வந்து சோப்பு டப்பாவைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொள்வாராம். அகலமான கட்டிலில் படுத்தாலும் ஓரத்திலேயே ஒடுங்கிக் கிடப்பாராம், மேல்கட்டில் பழக்கம்.

"சீதா பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொல்றா பாய், இவுக விருந்துக்கு வந்த ஆளு மாதிரி இருக்காகன்னு."

நாங்கள் சிரித்தோம். அவர்தான் அதிகம் சிரித்தார்.

வீடு கட்டினார். கடன் வாங்கி, அடைத்து, மறுபடி வாங்கி. தெருவைப் பார்த்த ஒரு ரூம் மட்டும் தனக்கு என்று சொல்லி வைத்திருந்தார். ஊரோடு போனபின் அந்த ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அந்தக் கதவுக்குப் பூட்டு வாங்க என்னையே கூட்டிக்கொண்டு போனார். இத்தாலிப் பூட்டு. கடைக்காரன் பன்னிரண்டு ரியால் சொன்னான், நான் வாயைத் திறந்ததும் ஏழுக்கு இறங்கினான். பேரம் பேச எனக்கு ஈடு இந்த ஊரில் கிடையாது. ஒரு சாவியை மட்டும் பாண்டித்துரை தன்னிடமே வைத்துக்கொண்டார். கேம்ப் அலமாரிச் சாவியோடு சேர்த்து ஒரே வளையத்தில் இடுப்பில் தொங்கும்.

பானுமதி கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போய், பந்தல் பிரித்த கையோடு திரும்பி வந்தார். மாப்பிள்ளைக்கு அதே ஊரில் மொபைல் கடை. மகளும் மாப்பிள்ளையும் பாண்டித்துரை கட்டிய வீட்டோடு வந்து இருந்துகொண்டார்கள். வீட்டில் ஆள் இருப்பது நல்லதுதானே என்றார் பாண்டித்துரை.

இந்த வருடம் சோஹார் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். அவர் பெயரும் அதில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கடை வாசலில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை அல்லாத நாளில் அவரை நான் பார்த்ததே இல்லை.

"முடிஞ்சுபோச்சு பாய். விசாவ கேன்சல் அடிக்கிறான். கம்பெனில வர்ற கணக்குப் பணம், பானு கல்யாணக் கடன்ல மிச்சம் இருந்ததுக்குச் சரியாப் போகும். டிக்கெட் கம்பெனி குடுக்குது."

"அப்ப என் கடனும் முடிஞ்சுது," என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். "உக்காரு. டீ வரட்டும். வீட்டுக்குச் சொல்லிட்டியா?"

"இங்க இருந்து சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்களும் கேளுங்க." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"சீதா, நான்தான். ஊருக்கு வாரேன்."

"எப்ப?"

"இந்த மாசமே."

"அப்படியா, நல்லது. எத்தன நாளு லீவு?"

அந்த அம்மாள்மேல் நான் குறை சொல்லமாட்டேன். ஊருக்கு வருகிறேன் என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி அது. மளிகை போட, கோவில் நேர்த்திக்கடன் பார்க்க, கடனுக்கு நாள் சொல்ல, எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கு வேண்டும். வாய் தானாகக் கேட்டது. இவர் வாயும் தானாகச் சொன்னது.

"ரெண்டு மாசம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். இல்லை, சரியாகச் சொல் என்று கையை ஆட்டினேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பச் சரி," என்றது போன். "தெருப்பக்கத்து ரூம்ல மாப்ள கடைச் சாமான் வச்சிருக்காக. பேரன் படிக்கிறதும் அங்கதான். ரெண்டு மாசந்தான, ஒதுக்கித் தரச் சொல்றேன்."

"பூட்டு?"

"அது இறுகிப்போச்சுன்னு மாப்ள வேற மாத்திட்டாக. ஏன், உள்ள எதும் வச்சிட்டுப் போனீகளா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"ஒடம்பு நல்லா இருக்கா?"

"இருக்கு."

"வரும்போது தைலம் வாங்கிட்டு வாங்க. முட்டி ராத்திரி தூங்க விடமாட்டேங்குது."

"சரி."

போன் அணைந்தது. டீ வந்தது. அவர் கொக்கிக் கையால் கிளாஸை எடுத்து, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, கேன்சல்ல வர்றேன்னு சொல்லவேண்டியதுதானே?"

"வாயில வந்துருச்சு பாய்."

"திரும்பப் போட்டுச் சொல்லு."

"சொல்லலாம்," என்றார். போடவில்லை. சாயங்கால பஸ்ஸில் சோஹாருக்குப் போய்விட்டார்.

ரூமுக்குப் போனதும் சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்கு எல்லாம் தயார் செய்தேன். நான் ஒன்று செய்தால் அரைகுறையாகச் செய்யமாட்டேன். பால் பவுடர், ஜூஸ் பவுடர், பேரீச்சை, பாதாம், சோப்பு, தைலம் அரை டஜன், எல்லாம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில். கயிறு போட்டு நானே இறுக்கி, பெயரும் ஊரும் மார்க்கரால் பெரிதாக எழுதினேன். பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோதே அவருடைய பணத்தை வங்கியில் கொடுத்து மாற்றி, எல்லாம் புது இருபது ரியால் தாள்களாக வைத்திருந்தேன். என் மனைவி ஹாலிதா பிரியாணி செய்தாள். ஜும்மா முடிந்து நான் வரும்போது பாண்டித்துரை கடையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டார். வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அஸ்கர் அலி பிடுங்கி வாங்கவேண்டியதாயிற்று.

"காச எடுங்க பாய்."

"டிக்கெட் என்னைக்கு?"

"டிக்கெட் இல்ல. சோஹார்ல ஒரு சின்ன காண்ட்ராக்ட்காரன் விசா எடுத்துத் தாரேன்னான். ரெண்டு வருசம். செலவு நம்ம கையில இருந்து குடுக்கணும். ஐநூறு கேட்டான். எங்கிட்ட நானூறுதான் இருக்குன்னேன். அச்சா, சரின்னுட்டான்."

கல்லாப் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"பைத்தியமாயா உனக்கு? அந்தக் கையை வச்சுக்கிட்டு இன்னும் கம்பி கட்டப் போறியா?"

"ஸ்டோர்ல உக்கார்ற வேலையாம்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வீட்டுக்கு என்ன சொன்ன?"

"லீவு மாஃபின்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்னு."

முன்பு பிளாஸ்டிக் பையை வைத்த அன்று சொன்ன அதே வார்த்தை. அதே குரல்.

"பாண்டி, அது நீ கட்டுன வீடுய்யா."

"என் வீடுதான். யாரும் வேணாங்கல பாய். வாங்கன்னுதான சொன்னா? போனா ரூம ஒதுக்கிக் குடுப்பாக, நல்லாத்தான் கவனிப்பாக. ரெண்டு மாசம் எனக்கு அங்க இருக்கத் தெரியும். மூணாவது மாசம் எங்க உக்கார்றதுன்னு தெரியல."

நான் கெஞ்சிப் பழக்கமில்லாதவன். அன்று கெஞ்சினேன். என் கடைக்கு வா, விசா என் செலவு, உட்கார்ந்து பில் போடு என்றேன். அந்த நானூறு மட்டும் அப்படியே இருக்கட்டும், ஒரு நாளைக்கு சீதாலட்சுமி கையில் கொடுக்கவேண்டிய காசு அது என்றேன். இத்தனை வருடம் வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்று துரத்திய நான், அன்றைக்குக் கொடுக்கமாட்டேன் என்று கல்லாவை மறைத்து நின்றேன்.

பாண்டித்துரை சிரித்தார்.

"நீங்க கடன்காரரு பாய். கேட்டாக் குடுக்கணும்."

உறையை எடுத்தேன்.

"அந்தப் பொட்டிய ஊருக்குப் போற யாருகிட்டயாச்சும் குடுத்துவிடுங்க," என்றார். "தைலம் இருக்குல்ல?"

"இருக்கு."

இடுப்பில் தொங்கிய சாவி வளையத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு வலது கையை நீட்டினார். விரல்கள் பாதிக்குமேல் விரியவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி, மடங்கிவிடாதபடி பிடித்துக்கொண்டார். நான் வாய்விட்டு எண்ணி, ஒவ்வொரு தாளாக அந்த உள்ளங்கையில் வைத்தேன்.