விளக்கை அணைத்துவிட்டு நடத்திய கூட்டம்

2009 நவம்பர் மாதம். லண்டனில் பிளேஸ்டோவில் எங்கள் பங்குக் கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. அப்போது அதன் சாவி என்னிடம்தான் இருந்தது. மறைக்கல்வி வகுப்பு, தமிழ்ப் பூசைக்குப் பிறகு தேநீர், யாராவது பிள்ளையின் பிறந்தநாள் என்று எதற்கென்றாலும் திறப்பதும் நான்தான், பூட்டுவதும் நான்தான்.

நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் பர்மாவைச் சேர்ந்த ஒரு பெண்ணும் வேலை செய்தாள். கத்தோலிக்கப் பெண், எங்கள் கோவிலுக்குத்தான் வருவாள். மற்றத் தமிழ்ப் பெண்கள் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகி என்னை 'அக்கா' என்பாள். மற்றபடி நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். ஒருநாள் உடை மாற்றும் அறையில் வைத்து, ஒரு ஞாயிறு பின்னேரத்துக்கு மண்டபம் கிடைக்குமா என்று கேட்டாள். அவளுடைய நாட்டிலிருந்து ஒரு வக்கீல் வருகிறாராம். அரசியலுக்குப் புதியவர். அடுத்த வருடத் தேர்தலில் ராணுவத்தின் ஆட்களை எதிர்த்து நிற்கப் போகிறாராம். லண்டனில் இருக்கும் தங்கள் ஆட்களோடு ஒருமுறை பேச விரும்புகிறாராம்.

கேட்டதுமே எனக்குள் ஏதோ இடித்தது. தேர்தல் வைப்பதும் ராணுவம். சட்டம் எழுதியதும் ராணுவம். பாராளுமன்றத்தில் கால்வாசி இடத்தைத் தேர்தலே இல்லாமல் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டதும் ராணுவம். அதற்குள் எதிர்த்து நிற்க ஒரு புது ஆளா? அவருக்கு வெளிநாடு வந்து கூட்டம் வைக்கவும் அனுமதியா?

வீட்டில் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"ஆமி நினைச்சால் ஒருத்தரும் பிளேன் ஏற ஏலாது. இவரை விட்டிருக்கினம் எண்டால், ஒண்டு, இவர் அவையின்ர ஆள். இல்லாட்டி, இவரைப் பார்க்க ஆர் ஆர் வருகினம் எண்டு பார்க்க விட்டிருக்கினம். நீ திறந்து குடுத்திட்டு வந்திடு."

அந்த வருடம் மே மாதம் ஈழத்தில் போர் முடிந்த விதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சட்டென்று நம்புவதில்லை. புதிதாக ஒருவர் நன்றாகப் பேசினாலே, இவருக்குப் பின்னால் யார் என்றுதான் கேட்போம். ஆனாலும் பங்குத்தந்தையிடம் கேட்டு மண்டபத்தைக் கொடுத்தேன். திறந்துவிட்டு வரவில்லை. அங்கேயே நின்றேன்.

நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. முப்பது நாற்பது பேர் வந்திருப்பார்கள். உணவகங்களில் வேலை செய்பவர்கள், தாதிமார், சில மாணவர்கள். வக்கீல் ஒல்லியான மனிதர். யாரோ கொடுத்த பெரிய குளிர்ச்சட்டைக்குள் புதைந்துபோய் நின்றார். அவரோடு கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்திருந்தார். நல்ல மரியாதையான ஆள். கதிரைகளைத் தூக்கிப் போட்டார். கமராவுக்குச் சார்ஜ் போட பிளக் எங்கே என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரத்தில் அதே கமராவோடு படம் எடுக்கத் தொடங்கினார்.

கூட்டத்தைப் படம் எடுக்கிறவர் மேடையை அல்லவா எடுப்பார்? இவர் வாசலை எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும்.

ஊரில் சுற்றிவளைப்பு நடக்கும்போது, முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு ஜீப்புக்குள் இருந்து தலையாட்டியே ஆட்களைக் காட்டிக்கொடுப்பவனைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் எனக்கு அந்தச் சாக்குத்தான் தெரிந்தது.

வக்கீல் சுடுதண்ணீர் கேட்டுச் சமையலறைக்கு வந்தபோது ஆங்கிலத்தில் நேரடியாகவே கேட்டேன்.

"உங்களோடு வந்தவர் யார்?"

அவர் கதவைச் சாத்தினார். "என்னைப் பார்த்துக்கொள்ள ராணுவம் அனுப்பிய ஆள். அவரோடு போவதென்றால் மட்டும் பாஸ்போர்ட் தருவோம் என்றார்கள்."

"மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியுமா?"

"சொன்னால் யாரும் இருக்க மாட்டார்கள்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியென்றால் நீங்களும் அவர்களை வைத்துத்தானே விளையாடுகிறீர்கள்?"

அவர் சுடுதண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டார். கணவர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு நானும் மண்டபத்துக்குப் போய் என் பர்மியச் சிநேகிதியைத் தனியே இழுத்து விசயத்தைச் சொன்னேன். அவளுடைய தம்பி பர்மாவில் அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியர். அக்கா லண்டனில் இந்தக் கூட்டத்துக்குப் போனாள் என்று ஒரு படம் போதும், அவனுடைய வேலையும் போகலாம், அவனும் போகலாம். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நாங்கள் எழும்பிப் போனால், இவருக்குப் பின்னால் யாருமே இல்லை என்று எழுதிக்கொண்டு போவான் அக்கா," என்றாள். "எனக்கு இவரிடம் கேட்க வேண்டியது இருக்கிறது."

அவள் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருவரின் காதிலும் சொன்னாள். சிலர் கோட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியேறினார்கள். அதிகம் பேர் இருந்தார்கள். கறுப்புக் கோட்டுக்காரர் கமராவை எடுத்துக்கொண்டு முன்பக்கமாக நகர்ந்தார். இனி இருப்பவர்களின் முகங்களை எடுக்கப் போகிறார் என்று விளங்கியது. நான் நடைபாதையில் இருந்த பெரிய சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டேன்.

மண்டபம் இருண்டது. வெளியேறும் கதவுக்கு மேலே இருந்த பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

"பழைய வயரிங். இண்டைக்குச் சரிவராது போல. இருட்டிலேயே பேசுங்கோ," என்று அவசரத்தில் ஆங்கிலமும் தமிழும் கலந்து சத்தமாகச் சொன்னேன். பொய்தான். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டேன்.

இருட்டில் படம் எடுத்தால் பிளாஷ் அடிக்கும். அடித்தால் அவர் யாருடைய முகத்தை எடுக்கிறார் என்று எல்லோரும் கண்டுவிடுவார்கள். ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

வக்கீல் பேசத் தொடங்கினார். சிநேகிதி என் பக்கத்தில் இருந்து மெதுவாக மொழிபெயர்த்தாள். தான் வெல்வேன் என்று அவர் சொல்லவில்லை. விதிகள் அவர்களுடையவை, பெட்டிகளும் அவர்களுடையவை என்றார். இருட்டு மற்றவர்களுக்கும் வாயைத் திறந்துவிட்டது. ஒரு கிழவர், அவர்களுடைய சட்டத்துக்குள் நின்றால் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதாகாதா என்று கேட்டார். "ஆகும். தெரிந்துதான் நிற்கிறேன்," என்றார் வக்கீல். கண்காணிக்க வந்தவரைப் பற்றி ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று என் சிநேகிதியே எழும்பிக் கேட்டாள். "பயந்தேன். நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். அது பிழை," என்றார். சமையலறையில் எனக்குச் சொல்லாததை அங்கே எல்லோருக்கும் முன்னால் சொன்னார்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பிளக் எங்கே என்று கேட்ட அதே குரல். மொழி தெரியாவிட்டாலும் குரலைக் கண்டுபிடித்துவிட்டேன். சிநேகிதியின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

"நீங்கள் வென்றால் எங்களைப் போன்ற ஆட்களை என்ன செய்வீர்கள் என்று கேட்கிறான் அக்கா."

வக்கீல் சொன்ன பதிலையும் அவள் மொழிபெயர்த்தாள்: "எனக்குத் தெரியாது. ஆனால் அதை நான் ஒருவனே தீர்மானிக்கக் கூடாது. ஒரு ஆள் தீர்மானிக்கிற நாட்டில்தானே நீயும் நானும் இப்படி ஆனோம்."

கூட்டம் முடிந்து விளக்கைப் போட்டபோது கமரா பைக்குள் போயிருந்தது. அந்த ஆள் யாரையும் பார்க்காமல் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்சிருப்பினம்," என்றார். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கும் அந்த எண்ணம் வந்து வந்து போனது.

அடுத்த வருடம் அந்த வக்கீல் தேர்தலில் நின்றார். எண்ணத் தொடங்கியபோது முன்னணியில் இருந்தாராம். பிறகு, முன்கூட்டியே போட்ட வாக்குகள் என்று சொல்லி எங்கிருந்தோ பெட்டிகள் வந்தன. தோற்றுப்போனார். இடைவேளையில் தேநீர் குடித்துக்கொண்டே சிநேகிதி இதைச் சொன்னாள். அழவில்லை. தம்பி சுகமாக இருக்கிறான் என்றும் சொன்னாள். அன்று மண்டபத்துக்கு வந்தவர்களின் வீட்டுக் கதவை ஊரில் யாரும் தட்டவில்லையாம். வாசலில் நின்று எடுத்த படங்கள் என்னவாயின? அந்த ஆள் கொடுக்கவில்லையா, கொடுத்தும் யாரும் பொருட்படுத்தவில்லையா? இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சந்தேகப்படுவதை நான் இன்னும் விடவில்லை. ஆனால் சந்தேகம் வந்ததும் எழும்பிப் போய்விடாமல், இருந்து முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்பதை, என்னைவிட அதிகம் இழக்க இருந்தவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.