மிச்சக் கதை அலுமாரிக்குள்ளே

வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது. ஆகவே பிலோமினா ரீச்சரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இவற்றை எழுத நினைத்தேன்:

1. செய்தி வந்தது.
2. பிள்ளைகளுக்கு அவர் புத்தகம் தெரிந்தெடுத்த விதம்.
3. அந்தப் புத்தகங்களைப் பாடசாலை அதிபர் அழித்த விதம்.
4. ரீச்சருக்குப் பழிவாங்கத் தெரியாது. ஆகவே அதை நான் செய்கிறேன்.

செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர் எங்கள் முன்னாள் அதிபரேதான். "ரீச்சர் போயிட்டா, மாஸ்டர். அஞ்சலி உரை நான்தான் செய்யிறன்" என்றார். "ஓம்" என்று மட்டும் சொன்னேன். அவர் மேலே கதைக்குமுன் தொலைபேசியை வைத்துவிட்டேன். துக்கமா கோபமா என்று நிச்சயமில்லை. கோபம் என்றே நினைக்கிறேன்.

அக்கராயனில் எங்கள் ஆரம்பப் பாடசாலை. நான் பக்கத்து வகுப்பு ஆசிரியர். நன்கொடையாகப் படப்புத்தகங்கள் வந்தால் ரீச்சர் அவற்றை முதலில் தம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பாயில் பரப்புவார். எழுத்தைக் கையால் மறைத்து, "படத்தைப் பாத்துக் கதையைச் சொல்லுங்கோ" என்பார். பிள்ளைகள் திரும்பக் கேட்ட புத்தகத்தையே மற்ற ஆசிரியர்களுக்குச் சிபாரிசு செய்வார். அறிவுரையில் முடிகிற கதைகள் என் மேசைக்கு வரும். "இது உங்களுக்கு, மாஸ்டர். பிள்ளையள் கொட்டாவி விடுகினம்." கைபட்டு ஊத்தையாகாத புத்தகம் பிள்ளைக்குப் பிடிக்காத புத்தகம் என்பது அவர் கணக்கு.

அதிபருக்கு அந்த ஊத்தைதான் பிடிக்கவில்லை. நல்ல புத்தகங்களையெல்லாம் தம் அறையிலிருந்த கண்ணாடி அலுமாரியில் பூட்டினார். மேலதிகாரிகள் வந்தால், "பாருங்கோ சேர், ஒரு கீறல் இல்லை" என்று காட்டிப் பாராட்டு வாங்கினார். மாரியில் அலுமாரியின் பின்புறம் கறையான் மண் ஏறியிருந்ததை ரீச்சர் கண்டார்.

"சேர், திறந்து வெயிலிலை போடுங்கோ."

"புத்தகத்தைக் காப்பாத்துறது என்ரை பொறுப்பு. நீங்கள் போய்ப் படிப்பியுங்கோ."

கண்ணாடிக்குள் அட்டைகள் பளபளத்தன. பின்னால் கறையான் வாசித்துக்கொண்டிருந்தது. நான் பளைக்கு மாற்றமாகிப் போன பிறகு, எல்லாம் அழிந்தன என்று கேள்விப்பட்டேன்.

அதிபர் அவர்களே, முப்பத்தோராம் நாள் கூட்டத்தின் முன்வரிசைக் கதிரையில் இந்த மலர் உங்கள் கையில் இருக்கும். உரைக்கு எழும்புமுன் இந்தப் பக்கத்தை வாசியுங்கள். நான் உங்களை மன்னிக்கவில்லை.

இவ்வளவும் எழுதியபின் நேற்று, மலரைத் தொகுக்கும் என்னிடம் அதிபரின் கட்டுரையை அவருடைய பேத்தி கொண்டுவந்தாள். அவளும் ரீச்சரின் மாணவிதான்.

"ரீச்சர் கதையைப் பாதியிலை நிப்பாட்டுவா, மாஸ்டர். 'மிச்சம் பெரிய சேரின்ரை அலுமாரிக்குள்ளை இருக்கு' எண்டுவா. வகுப்பு முழுக்க என்னைத்தான் பாக்கும். நான் அப்பப்பாவைச் சாப்பிடவும் விடேல்லை."

கடைசியில் அதிபர் வகுப்பையே கூட்டிவைத்து அலுமாரியைத் திறந்தாராம். எடுத்த புத்தகத்தின் அட்டை மட்டும் கையில் வந்தது. மிச்சம் மண்ணாய்க் கொட்டியது.

"'அப்பப்பா, மிச்சக் கதை எங்கை?' எண்டு கேட்டன். அவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார்."

"ரீச்சர்?"

"வாசலிலை நிண்டவா. 'கேள் பிள்ளை, திரும்பக் கேள்' எண்டவா."

ரீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். அதிபர் உரையை முடித்ததும் எழுந்து கேட்க நினைத்திருக்கிறேன். குரல் வருமோ தெரியாது. வராவிட்டால், வாசித்தவர்கள் யாராவது கேளுங்கள்.

மேலே நாலாவதாக எழுதியது பிழை. ரீச்சருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.